திரும்பி வருவதும் விசுவாசமே



தொடங்கிய காரியத்தை எப்படியும் முடித்தே தீரவேண்டும், நடுவழியில் நிறுத்துவது அவிசுவாசம் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணம் வேதத்திற்கு ஏற்றதன்று என்பது என் கருத்து. அதை விளக்க, ஒரு நாள் மிதிவண்டிப் பயணத்தை உங்கள் மனக்கண்முன் வைக்கிறேன்.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் தென்பகுதி, செந்நிறப் பாறைகளும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளும் நிறைந்த வனாந்தரம். அங்கே 12-ஆம் எண் நெடுஞ்சாலை எஸ்கலான்டே என்னும் சிற்றூரிலிருந்து போல்டர் என்னும் சிற்றூருக்குச் செல்கிறது. தூரம் சுமார் 45 கிலோமீட்டர். ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் விடியற்காலையில், கூடாரத்தையும் உணவையும் தண்ணீரையும் வண்டியில் கட்டிக்கொண்டு நீங்கள் புறப்படுகிறீர்கள். வானம் தெளிவாயிருக்கிறது. சாலை ஆற்றங்கரை வரை இறங்கி, மறுபடியும் ஏறி, ஹாக்பேக் என்னும் குறுகிய மலைமுகட்டின்மேல் செல்கிறது. இருபுறமும் செங்குத்தான சரிவு, ஒதுங்க இடமில்லை. போல்டரை அடையும்போது நண்பகல். அதற்கப்பாலுள்ள டோரி என்னும் ஊரில் இரவு தங்குவதே உங்கள் திட்டம். அதற்கு ஏறத்தாழ 2,900 மீட்டர் உயரம்வரை மலையேற வேண்டும். கோடையின் பிற்பகுதியில், பிற்பகல் வேளைகளில் அங்கே இடிமேகங்கள் திரள்வது வழக்கம். மலைமேல் மேகம் கறுக்கத் தொடங்குகிறது. ஏறுவீர்களா, தங்குவீர்களா?

காலையில் ஜெபித்துத்தானே புறப்பட்டீர்கள்! தங்கினால் அந்த ஜெபத்தை நம்பாதவர் ஆகிவிடுவீர்களோ என்று உள்ளம் கேட்கும்.

அந்த நிலம் கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. அங்கே வெள்ளம் வருவதற்கு உங்கள் தலைமேல் மழை பெய்ய வேண்டியதில்லை. வெறும் பாறை நீரை உறிஞ்சுவதில்லை. தொலைவில் பெய்த மழை வறண்ட ஓடைகளில் திரண்டு, குறுகிய பாறைப் பிளவுகளுக்குள் திடீரெனப் பாய்ந்துவிடும். அண்டை மாநிலமாகிய அரிசோனாவிலுள்ள ஆன்டலோப் பள்ளத்தாக்கில், 1997 ஆகஸ்டு 12 அன்று 11 பேர் அவ்வாறு மாண்டார்கள். பெருமழை பெய்ததோ பல மைல்களுக்கு அப்பால். நம் தலைக்கு மேலுள்ள நீலவானம் முழுச் செய்தியையும் சொல்வதில்லை. மேட்டுநிலத்தில் நிற்பவர் சொல்வதையும் நாம் கேட்கவேண்டும்.

இப்போது அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். கப்பற்பயணத்திற்கு ஏற்ற காலம் கடந்துபோயிருந்தது. பிரயாணம் சேதத்தில் முடியும் என்று பவுல் எச்சரித்தார். நூற்றுக்கு அதிபதியோ அவரைவிட மாலுமியையும் கப்பல் எஜமானையும் அதிகமாய் நம்பினான். மெல்லிய தென்காற்று வீசியது. எண்ணியது கைகூடிற்று என்று நங்கூரத்தை எடுத்தார்கள். சற்று நேரத்திற்குள் யூரோக்கிலிதோன் என்னும் கடுங்காற்று அவர்கள்மேல் மோதிற்று.

அந்தக் கப்பலில் ரோமாபுரிக்குப் போய்ச் சேருவோம் என்று உறுதியாய்ச் சொல்லத்தக்கவர் யார்? பவுல்தான். அங்கேயும் சாட்சி கொடுக்கவேண்டும் என்று கர்த்தரே அவருக்குச் சொல்லியிருந்தார் (அப். 23:11). அந்த வாக்குத்தத்தத்தைப் பெற்றவரே, இப்போது புறப்பட வேண்டாம் என்றார். சேரும் இடத்தைத் தேவன் வாக்களித்திருக்கிறார் என்பதற்காக, புறப்படும் நாளை நாமே குறித்துக்கொள்ளலாம் என்று அவர் எண்ணவில்லை. கப்பலில் இருந்த 276 பேரும் கிருபையால் பிழைத்தார்கள். கப்பலோ உடைந்துபோயிற்று.

காற்றைக் கவனித்துக்கொண்டே இருப்பவன் விதைக்கமாட்டான் என்று பிரசங்கியின் புத்தகம் எச்சரிக்கிறதே (11:4) என்று நீங்கள் கேட்கலாம். அது மெய். எஸ்கலான்டேயிலேயே உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த வசனம் வேண்டும். போல்டர் வரை மிதித்து வந்தவனுக்கோ யாக்கோபின் புத்திமதி வேண்டும் (4:13-15). நாளைய தினத்தைக்குறித்துத் திட்டமிடுகிறவர்கள், ஆண்டவருக்குச் சித்தமானால் என்று சொல்லக்கடவர்கள் என்கிறார் அவர். அழைப்பிதழில் அதை அச்சிடுகிறோம், கடிதத்தில் எழுதுகிறோம். ஆனால் அவருக்குச் சித்தமில்லாவிட்டால் என்ன செய்வோம் என்று எண்ணிப்பார்க்கிறோமா? நின்றுவிட ஆயத்தமில்லாதவனின் வாயில் அந்தச் சொல் வெறும் சம்பிரதாயமே.

பிரியமானவர்களே, இது நம் வீடுகளைத் தொடும் காரியம். விசுவாசத்தினால் கட்டுகிறேன் என்று தாங்க முடியாத கடனை வாங்கி, அதற்குத் தம்பியையும் மைத்துனரையும் ஜாமீனாக நிறுத்துகிறோம். நிச்சயித்த திருமணத்தில் கவலைக்குரிய உண்மைகள் வெளிப்பட்டபின்பும், மண்டபத்திற்கு முன்பணம் கொடுத்தாயிற்று என்று மகளை மேடையேற்றுகிறோம். பாதிவழியில் நிறுத்தினால் சபையார் என்ன சொல்வார்கள் என்ற பயமே பல வேளைகளில் நம்மை மலையேற்றுகிறது. அதற்கு விசுவாசம் என்று பெயரிடலாகாது.

ஆகையால் சபையாகிய நமக்கும் இதில் பொறுப்பு உண்டு. சாட்சி நேரத்தில் போய்ச் சேர்ந்தவர்களையே பேச அழைக்கிறோம். கட்டடத்தை அஸ்திபாரத்தோடு நிறுத்தியவரும், படிப்பைப் பாதியில் விட்டு வீடு திரும்பிய பிள்ளையும் கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்காருகிறார்கள். ஆராதனை முடிந்ததும் அவர்களிடம் போய்க் கைகொடுங்கள். காரணம் கேட்டுத் துளைக்காதிருங்கள்.

இவ்வாரம் நீங்கள் ஏதேனும் தீர்மானத்தின் வாசலில் நின்றால், எதைக் கண்டால் நிறுத்துவேன் என்பதை வானம் தெளிவாயிருக்கும்போதே எழுதிவையுங்கள். உங்கள் வானத்துக்கு அப்பால் பார்க்கக்கூடிய ஒருவரிடம் அதைக் காட்டுங்கள். இன்று போல்டரில் கூடாரம் போட்டவனுக்கு நாளைக் காலையிலும் மலை அங்கேதான் இருக்கும்.

கர்த்தாவே, புறப்படத் தைரியத்தையும், திரும்பிவரத் தாழ்மையையும் எங்களுக்குத் தாரும். திரும்பிவந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளும் இருதயத்தையும் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.