பெயரை மீட்ட வேல்ஸ் விஸ்கி

வேல்ஸின் சிங்கிள் மோல்ட் விஸ்கிக்கு 2023 ஜூலையில் பிரித்தானியாவின் புவிசார் குறியீடு கிடைத்தது. வேல்ஸில் வடிக்கப்படாத எதையும் இனி அந்தப் பெயரில் அங்கு விற்க முடியாது.

இதை வெறும் மதுச் செய்தியாகக் கடந்துவிட முடியாது. ஸ்கொட்லாந்தும் அயர்லாந்தும் சந்தையை ஆண்ட காலத்தில் வேல்ஸில் இத்தொழில் அழிந்தே போனது. வடக்கே ஃப்ரொங்கொக் வடிசாலை மூடப்பட்டது. 1916இல் அதே கட்டடங்களில்தான் அயர்லாந்துக் கிளர்ச்சியாளர்கள் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டனர்.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின்னர், 2004 மார்ச் 1இல், வேல்ஸின் பாதுகாவலரான புனித தாவீதின் நாளில், பெண்டெரின் வடிசாலை தனது விஸ்கியை அறிமுகப்படுத்தியது. அமெரிக்க போர்பன் பீப்பாக்களில் முதிர்ந்து, மதுசாரம் சேர்த்துச் செறிவூட்டிய போர்த்துக்கலின் மதேரா வைன் இருந்த பீப்பாக்களில் நிறைவடையும் அதன் மதுசார அளவு 46 வீதம்.

நாவில் வனிலாவும் உலர்திராட்சையும் முந்துகின்றன. ஸ்பெயினின் ஷெரிப் பீப்பாவில் முடித்த வகையோ நிறத்தில் அடர்ந்தது. உலர்பழமும் கொட்டைச் சுவையும் அதில் கூடுதல்.

ஆக, சுவையில் பெரும்பங்கு பிறநாட்டுப் பீப்பாக்கள் தந்தது. வடிப்பும் பெயரும் வேல்ஸுக்குரியவை. சட்டம் காப்பது அவற்றைத்தான். விஸ்கி திரும்பிவர ஒரு நூற்றாண்டு ஆனது. பெயருக்குக் காவல் கிடைக்க மேலும் 19 ஆண்டுகள் ஆயின.