அரிய மரம் யாருக்கு அரிது?

விஸ்கி உலகில் புதிய மோகம் ஒன்று பரவியிருக்கிறது. அமெரிக்காவில் ரை தானியத்தில் வடித்த விஸ்கியை வழக்கமான ஓக் பீப்பாயிலிருந்து எடுத்து, பிரேசில் நாட்டு அம்புரானா மரப் பீப்பாயில் சிறிது காலம் வைத்து, அரிய மரத்தின் மணமேறியது என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். அயர்லாந்தில் செஸ்ட்நட் மரத்தையும் அக்கேசியா மரத்தையும் முயன்று பார்த்திருக்கிறார்கள். இதில் குறை சொல்ல ஏதுமில்லை. அவர்கள் மது, அவர்கள் விருப்பம். ஆனால் இந்தக் கதையைக் கண்டியில் இருந்துகொண்டு வாய்பிளந்து கேட்கும் நம்மவரைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

சென்ற ஆண்டு, கண்டி ஏரியைப் பார்த்தபடி நிற்கும் ஒரு ஹோட்டலில் வெளிநாட்டு நண்பர் ஒருவருடன் அமர்ந்திருந்தேன். பரிமாற வந்த இளைஞர் தோட்டப் பகுதியைச் சேர்ந்தவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. இறக்குமதி விஸ்கியின் பீப்பாய்ப் புராணத்தை ஒப்புவித்து முடித்தார். “தம்பி, நம்ம தென்னஞ்சாராயம் இருக்கா?” என்று கேட்டேன். “அது சும்மா லோக்கல் சாமான் சேர். ஜூஸ் கலந்து கொக்டெயிலா வேணும்னா தாறோம்” என்றார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர் சொன்னார். சொல்லிக் கொடுத்தவர்கள் மீதுதான் கோபம்.

அந்த ‘லோக்கல் சாமான்’ என்ன? தென்னம்பாளையைச் சீவி இறக்கிய கள், இயற்கையாகவே புளித்து, வடிசாலையில் சாராயமாகிறது. மேற்குக் கரையில் மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றின் மேல் நடந்து கள் இறக்கும் தொழிலாளர்களை வேறெந்த மது உலகமும் காட்ட முடியாது. பிறகு நல்ல சாராயம் முதிர்வதற்காக மரத்தொட்டிக்குப் போகிறது. அந்த மரம் பெரும்பாலும் ஹல்மில்ல. தமிழில் சாவண்டலை. ஆங்கிலேயர் இதைத் திருகோணமலை மரம் என்றே அழைத்தார்கள். கண்டியிலிருந்து வடக்கே மாத்தளையைத் தாண்டித் தம்புள்ளைப் பக்கம் இறங்கினால் தொடங்கும் உலர்வலயக் காடுகளின் மரம் இது. சென்னைக் கடற்கரையில் அலைகளைக் கடந்த மசூலாப் படகுகளுக்கும் இம்மரம் கப்பலேறிப் போனது. ஓக் மரத்தைப் போல மணத்தை அள்ளி இறைக்காமல், மதுவின் காரத்தை மெல்ல அடக்குவது இதன் குணம்.

ஆக, உலகம் இன்று தேடி அலையும் ‘வேறு மரம்’ நம்மிடம் பல தலைமுறைகளாக இருந்து வருகிறது. அதை அரிய மரம் என்று எவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களுக்கு அதைச் சொல்ல வெட்கம்.

வெட்கத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ஆங்கிலேயர் சாராயத் தவறணைகளின் உரிமையை ஏலம் விட்டனர். கோப்பித் தோட்டங்கள் மலையேறியபோது தவறணையும் கூடவே ஏறியது. ஏலம் எடுத்தவர்கள் செல்வந்தர்களானார்கள். அரசின் கருவூலம் நிறைந்தது. லயத்தில் வாழ்ந்த தொழிலாளியின் கூலி அந்த வழியாகவே திரும்பிப் போனது. 1904 இலும் 1912 இலும் மதுவிலக்கு இயக்கம் மூண்டெழுந்ததில் வியப்பில்லை. சாராயம் என்றால் ஏழையின் அழிவு, விஸ்கி என்றால் துரையின் கௌரவம் என்ற பாகுபாடு அப்படி வேரூன்றியது. துரை போய்விட்டார். பாகுபாடு போகவில்லை.

இனி உண்மையான குற்றத்துக்கு வருவோம். அமெரிக்காவில் ரை விஸ்கி என்று எழுத வேண்டுமானால் தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் ரை இருக்க வேண்டும். உட்புறம் கருக்கிய புதிய ஓக் கலத்தில் வைத்திருக்க வேண்டும். ஸ்கொட்ச் என்றால் ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள். நம் ஊரில் மலிவான கலப்புச் சாராயப் போத்தல் ஒன்றைக் கையில் எடுங்கள். தென்னையின் பங்கு எத்தனை சதவீதம், எந்த மரம், எத்தனை ஆண்டு என்று அதில் தேடிப் பாருங்கள்.

2020 ஜனவரியில் எத்தனோல் இறக்குமதியை அரசு தடை செய்தபோது மதுத் தொழிலே பரபரப்படைந்தது. எல்லாமே தென்னங்கள்ளில் வடித்தது என்றால் எத்தனோலுக்கு ஏன் இத்தனை பரபரப்பு? மலிவுப் போத்தல்களில் பெரும்பங்கு சர்க்கரைப் பாகுக் கழிவில் வடித்த மதுசாரம் என்பது தொழிலில் இருப்பவர்கள் அனைவரும் அறிந்த இரகசியம். குடிப்பவருக்கு மட்டும் அது சொல்லப்படுவதில்லை.

நிற்க. “குடியைப் போற்றுகிறீரா?” என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். இல்லை. தோட்டங்களில் சம்பள நாளின் மாலை எப்படி இருக்கும் என்பதைப் பல ஆண்டுகள் எழுதியவன் நான். கசிப்பு குடும்பங்களைக் குலைத்ததையும் எழுதியிருக்கிறேன். அதனால்தான் இதைக் கேட்கிறேன். பணக்காரரின் போத்தல் தன் பிறப்பு, வளர்ப்பு, மரம், வயது எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகச் சொல்கிறது. தோட்டத் தொழிலாளியின் போத்தல் வாய் திறப்பதில்லை. அதிக வரி கட்டுபவனுக்குக் குறைந்த தகவல் என்பது எந்த ஊர் நியாயம்?

2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் மது விளம்பரத்தைத் தடை செய்கிறது. நல்லது, அது இருக்கட்டும். ஆனால் உள்ளே இருப்பதை உள்ளபடி எழுதுவது விளம்பரம் ஆகாது. மருந்துப் போத்தலில் எழுதுவதை எவரும் விளம்பரம் என்று சொல்வதில்லை.

அரசிடம் கேட்பது மூன்று வரிகள்: கள்ளிலிருந்து வடித்த பங்கு எவ்வளவு, எந்த மரம், குறைந்தது எத்தனை ஆண்டு. போத்தலின் விலை எதுவானாலும், எழுத்தின் அளவு ஒன்றாக இருக்கட்டும்.

கண்டி ஹோட்டல்காரர்களிடம் கேட்பது இன்னும் எளிது. நல்ல தென்னஞ்சாராயத்தைப் பழச்சாற்றில் ஒளித்துவைக்காதீர்கள். சிறிய கிண்ணத்தில் கலப்பின்றி ஒரு வாய். பிறகு விரும்பினால் சில துளி தண்ணீர். அதன் பக்கத்தில் நின்று சாவண்டலை மரத்தின் கதையைச் சொல்ல அந்த இளைஞருக்குக் கற்றுக் கொடுங்கள். அம்புரானாவை மனப்பாடம் செய்தவருக்கு இது பாரமாக இராது.