காற்றுத் துப்பாக்கி சேர்ப்போர்

அஞ்சல் தலை சேர்ப்பவரைப் போற்றும் நாம், காற்றுத் துப்பாக்கி சேர்ப்பவரைக் கண்டால் முகஞ்சுளிக்கிறோம். இது முறையன்று. ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ் 300 எஸ் துப்பாக்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். சுடும் கணத்தில் குழலும் பொறியும் சேர்ந்து தண்டவாளத்தில் ஓடுவதுபோல் பின்னோக்கி நழுவும். உதைப்புத் தோளை எட்டாது. நியூட்டனின் மூன்றாம் விதியைக் கரும்பலகையில் மட்டுமே கண்ட நமக்கு அது ஒரு விருந்து!

ஆனால் வாங்கிய விலையோடு செலவு நின்றுவிடுமா? பழைய துப்பாக்கிகளில் பிஸ்டனின் தோல் வளையம் உலர்ந்தால் காற்று கசியும்; எண்ணெய் மிகுந்தாலோ டீசல் எஞ்சின்போல் உள்ளே தீப்பற்றி வெடிக்கும். பத்தைக் கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்துத் துருவுக்குக் காவலிருப்பதைவிட, ஒன்றை வாங்கி அட்டை இலக்கில் நாள்தோறும் சுடலாம் என்பேன். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில்தான். குருவி சுடுவோரை நான் இக்கணக்கில் சேர்க்கவேயில்லை.