அறிந்து வைத்திருப்போம்: பூட்டனாரின் பொக்கற் மணிக்கூடு



இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் நம்மில் பலர் வீட்டையும் வளவையும் விட்டுவிட்டு, கையில் அகப்பட்டதோடு புறப்பட்டோம். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், காணி உறுதி என்பவற்றோடு சில குடும்பங்களில் பழைய பொக்கற் மணிக்கூடு ஒன்றும் துணி முடிச்சுக்குள் தப்பி வந்திருக்கிறது. மாமனாருடையது, பேரனாருடையது, பூட்டனாருடையது என்று சொல்லி வைத்திருப்பார்கள். அது ஆண்பிள்ளைகளின் கைகளில் மாறி மாறி வந்த பொருள். இன்று பல வீடுகளில் அதை வைத்திருப்பவர் ஒரு பெண். எந்தக் காலத்தது, வெள்ளியா, தங்கமா என்று கேட்டறிய வீட்டில் பெரியவர்கள் இல்லை.

பணமுடை வரும்போது அதைக் கடைக்குக் கொண்டு போகிறோம். கடைக்காரர் தராசில் போட்டு நிறுக்கிறார். அவர் சொல்வதே விலையாகிறது. அப்படிக் கொண்டு போகுமுன் அந்த மணிக்கூட்டை நாமே ஒரு முறை வாசித்துப் பார்க்க வேண்டும். பத்திரங்கள் எல்லாம் தொலைந்த வீட்டிலும், பழைய மணிக்கூடு தன் பத்திரத்தைத் தன் மூடிக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதை வாசிக்கும் வழியை இம்மாதம் பார்ப்போம்.

முதலில் செய்யக் கூடாதவை

வெள்ளிப் பாத்திரத்தைப் போல விபூதி போட்டுத் தேய்க்க வேண்டாம். பளபளப்பு வரும், ஆனால் உள்ளே குத்தியிருக்கும் சிறு முத்திரைகள் தேய்ந்து போகும். அவை தேய்ந்தால் சாட்சி போயிற்று.

ஓடுகிறதா என்று பார்க்கத் திரும்பத் திரும்பச் சாவி கொடுக்க வேண்டாம். பல்லாண்டு கிடந்த மணிக்கூட்டில் எண்ணெய் காய்ந்திருக்கும். அப்படியே ஓடவிட்டால் பற்சக்கரங்களின் அச்சுகள் தேயும்.

முள்ளிலும் எண்களிலும் மஞ்சள் அல்லது மண்ணிறப் பூச்சு தடிப்பாக இருந்தால் அதைச் சுரண்ட வேண்டாம். இருட்டில் ஒளிர்வதற்காக 1910களிலிருந்து பல மணிக்கூடுகளுக்கு றேடியம் கலந்த பூச்சுப் பூசினார்கள். ஒளி மங்கிவிட்டாலும் றேடியத்தின் கதிர்வீச்சு குறைவதில்லை. அது பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் செல்லும். அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் இந்தப் பூச்சைப் பூசிய இளம் பெண்கள், தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும்படி பழக்கப்பட்டவர்கள். பலர் தாடை எலும்பு உருகி இறந்தார்கள். அவர்களில் ஐவர் வழக்குத் தொடுத்து 1928இல் இழப்பீடு பெற்றார்கள். ஆகவே அத்தகைய மணிக்கூட்டின் முன்கண்ணாடியைத் திறக்காதீர்கள். பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்காதீர்கள்.

நம் வீடுகளுக்கு எப்படி வந்தது?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் உத்தியோகம் பார்க்கப் போனார்கள். புகையிரதப் பகுதி, நில அளவைப் பகுதி, எழுதுவினைஞர் வேலை என்று அமர்ந்து, "மலாயன் பென்சனியர்" ஆக ஊர் திரும்பினார்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கான புகையிரதப் பாதையும் 1905இல் பூர்த்தியாயிற்று. புகையிரத நிலைய அதிபருக்கும் கார்ட்டுக்கும் நேரம் தப்பாத மணிக்கூடு தொழிற்கருவி. முதலாம் உலகப் போருக்குப் பின் (1914-1918) கைமணிக்கூடு பரவ, பொக்கற் மணிக்கூடு மெல்ல மறைந்தது. ஆகவே நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் 1880க்கும் 1930க்கும் இடைப்பட்டவையாக இருக்கலாம். இது ஊகம் மட்டுமே. உறுதி செய்ய மூடியைத் திறக்க வேண்டும்.

மூடியைத் திறந்தால்

பின்மூடியின் ஓரத்தில் நகம் நுழையச் சிறு விளிம்பு இருக்கும். அதில் மெதுவாக நெம்பினால் திறக்கும். சில மூடிகள் போத்தல் மூடி போலத் திருகிக் கழற்றுபவை. கத்தியால் நெம்ப வேண்டாம். திறக்காவிட்டால் மணிக்கூடு திருத்துபவரிடம் கொடுத்து, உங்கள் முன்னிலையிலேயே திறக்கச் சொல்லுங்கள். உள்ளே இன்னொரு மூடியும் இருக்கலாம்.

சாவி நுழைக்கும் துவாரம் இருந்தால் அது பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குரியது. மேலே குமிழைத் திருகிச் சாவி கொடுப்பதானால் பொதுவாக அதற்குப் பிந்தியது.

இனி மூடியின் உட்புறத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். கைத்தொலைபேசியில் கிட்டவாகப் படம் எடுத்துப் பெருப்பித்தும் பார்க்கலாம்.

நடக்கும் சிங்கம்: ஒரு காலைத் தூக்கி நடக்கும் சிங்கம் இருந்தால் அது இங்கிலாந்தில் முத்திரையிட்ட வெள்ளி, ஆயிரத்தில் 925 பங்கு தூய வெள்ளி. பக்கத்தில் ஊரின் அடையாளம் இருக்கும். சிறுத்தைத் தலை இலண்டனையும், நங்கூரம் பேர்மிங்காமையும், வாளும் மூன்று கோதுமைக் கட்டுகளும் செஸ்ரரையும் குறிக்கும். கூடவே தனியாக ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அதுதான் ஆண்டு. ஆனால் ஒவ்வொரு ஊரும் தன் தன் வரிசைப்படி எழுத்தை மாற்றியது. சிறிய "ஏ" எழுத்து பேர்மிங்காமில் 1900-1901ஐக் குறிக்கும். இலண்டனில் அதே எழுத்து 1896-1897ஐக் குறிக்கும். 1916இல் இலண்டன் மீண்டும் சிறிய "ஏ"யை வேறொரு எழுத்து வடிவில் தொடங்கியது. ஆகவே ஊரையும், எழுத்தின் வடிவத்தையும், அதைச் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவத்தையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும்.

சிங்கம் இல்லாமல் .925 என்ற எண்ணும் வேறோர் ஊர்க்குறியும் ஆண்டெழுத்தும் இருந்தால், அது வெளிநாட்டிலிருந்து பிரித்தானியாவுக்கு வந்து அங்கே முத்திரை பெற்ற கூடு. 1907 யூன் முதல் வெளிநாட்டு மணிக்கூட்டுக் கூடுகளுக்கு இவ்வாறு முத்திரையிடப்பட்டது.

கரடி, பறவை, பெண்ணின் தலை: இவை சுவிற்சர்லாந்தின் முத்திரைகள். 1880ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் வந்தவை. கரடி 875 வெள்ளி. காட்டுக்கோழி போன்ற பறவை 800 வெள்ளி. அணில் 14 கரட் தங்கம். பெண்ணின் தலை 18 கரட் தங்கம். இவற்றில் ஆண்டெழுத்து இல்லை.

பதக்கங்கள்: உள்மூடியில் வட்ட வட்டமாகப் பதக்கங்களும் ஆண்டுகளும் செதுக்கியிருந்தால் ஏமாற வேண்டாம். அவை கண்காட்சிகளில் கொம்பனி பெற்றதாகச் சொல்லும் பரிசுகள். 1889 என்று இருந்தால் மணிக்கூடு அந்த ஆண்டுக்கு முந்தியதல்ல என்று மட்டுமே பொருள். "15 றூபி" என்றிருப்பது அச்சுத் தாங்கும் சிறு கற்களின் தொகை. அவற்றைப் பிடுங்கி விற்று ஒன்றும் வராது.

தங்கமா, தங்கத் தகடா?

9, 15, 18 என்ற கரட் எண்ணோடு அரச முத்திரையும் இருந்தால் தங்கம். அவ்வாறன்றி "றோல்ட் கோல்ட்", "கோல்ட் பில்ட்" என்றோ, பத்து ஆண்டு, இருபது ஆண்டு தேயாது என்ற உத்தரவாதமோ எழுதியிருந்தால் அது வேறு உலோகத்தின் மேல் ஒட்டிய தங்கத் தகடு. அசல் தங்கத்துக்கு யாரும் தேயாது என்று ஆண்டுக்கணக்கில் உத்தரவாதம் எழுதுவதில்லை. "14" என்ற எண்ணை மட்டும் பார்த்து நம்பி, பிறகு கடையில் வெட்கப்பட்டு நிற்க வேண்டாம்.

சங்கிலியையும் மறக்காதீர்கள். இங்கிலாந்தில் செய்த நல்ல சங்கிலிகளில் ஒவ்வொரு கண்ணியிலும் சிறு முத்திரை இருக்கும். சில வேளை மணிக்கூட்டை விடச் சங்கிலிக்கே பெறுமதி அதிகம்.

இயந்திரத்தின் இலக்கம்

கூட்டுக்கு ஓர் இலக்கமும், உள்ளே இயந்திரத் தகட்டில் இன்னோர் இலக்கமும் இருக்கலாம். அமெரிக்காவின் வோல்தம், எல்ஜின் போன்ற மணிக்கூடுகளுக்கு இயந்திர இலக்கமே முக்கியம். வோல்தம் இலக்கம் பத்து இலட்சத்தைத் தொட்டது 1877 அளவில். ஒரு கோடியைத் தொட்டது 1901 அளவில். இவ்விலக்கங்களின் அட்டவணைகள் இணையத்தில் உள்ளன. படிக்கும் பிள்ளைகளிடம் தேடித் தரச் சொல்லுங்கள்.

முகப்பில் உள்ள பெயர் செய்தவருடையதாகவே இருக்க வேண்டும் என்றில்லை. விற்ற கடையின் பெயரும் அங்கே எழுதப்படுவதுண்டு. அது பினாங்கா, சிங்கப்பூரா, கொழும்பா என்று பாருங்கள். குடும்ப வரலாற்றுக்கு அது நல்ல துப்பு.

"றொஸ்கொப்" என்றிருந்தால், 1867இல் சுவிற்சர்லாந்தில் றொஸ்கொப் என்பவர் உழைப்பாளிகள் வாங்கக்கூடியதாகச் செய்த மலிவு மணிக்கூட்டின் வழிவந்தது. அதைப் பார்த்துப் பலர் செய்தார்கள். கூடு பெரும்பாலும் வெள்ளியல்ல. விலை குறைவுதான், ஆனாலும் யாரோ ஒருவர் தன் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய பொருள் அது.

கதையும் முத்திரையும்

"பூட்டனார் 1895இல் மலாயாவுக்குப் போகும்போது கொண்டு போனது" என்று வீட்டில் சொல்வார்கள். முத்திரை 1912 என்று சொல்லும். அப்போது கதை பொய் என்று தள்ள வேண்டாம். அது அவர் அங்கே வாங்கியதாக இருக்கலாம். ஓய்வு பெறும்போது பரிசாகக் கிடைத்ததாக இருக்கலாம். கூடு பழுதாகி, பழைய இயந்திரத்துக்குப் புதுக்கூடு போட்டிருக்கவும் கூடும். முத்திரை கூட்டின் வயதைத்தான் சொல்லும். இலக்கம் இயந்திரத்தின் வயதைச் சொல்லும். யார் கையில் இருந்தது என்பதை இரண்டும் சொல்லா. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். மூடியில் பெயரோ முதலெழுத்தோ செதுக்கியிருந்தால் அதையும், திருத்தியவர்கள் ஊசியால் கீறிவிட்ட திகதிகளையும் தேடிப் பாருங்கள்.

கொப்பியில் எழுதி வையுங்கள்

முத்திரைகளை அப்படியே வரைந்து, இரு இலக்கங்களையும் எழுதி, படமும் எடுத்து வையுங்கள். யாருடையது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது, அவர் எங்கே என்ன வேலை பார்த்தார் என்பதை உங்களுக்குத் தெரிந்த அளவில் எழுதுங்கள். காணாமற் போனவர், இறந்துபோனவர் பெயரையும் எழுதுங்கள்.

விற்க வேண்டிய நிலை வந்தால் விற்பதில் குற்றமில்லை. பிள்ளையின் படிப்புக்கோ கூரைக்கோ அது உதவுமானால் முன்னோர் கோபிக்க மாட்டார்கள். ஆனால் ஒரே கடையில் முடிவு செய்யாதீர்கள். நகைக்கடையில் உலோகத்தின் நிறையைக் கேளுங்கள். மணிக்கூடு தெரிந்த ஒருவரிடம் இயந்திரத்தின் பெறுமதியைக் கேளுங்கள். கூட்டை மட்டும் உருக்கி இயந்திரத்தை எறிந்துவிட விடாதீர்கள். சாதாரண வெள்ளி மணிக்கூடு பெருஞ்செல்வம் தராது என்பதையும் மனத்தில் வையுங்கள். என்ன கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பது வேறு, தெரியாமல் பறிகொடுப்பது வேறு.

மணிக்கூடு கை மாறினாலும் கொப்பி வீட்டில் இருக்கட்டும்.