ஏழு போட்டிகளும் ஒரு மகுடமும்

சென்ற மாதம் நமது சங்கப் படிப்பகத்தில் இளைஞர் இருவர் உரத்த குரலில் வாதிட்டுக்கொண்டிருந்தனர். பொருள் அரசியலும் அன்று, சினிமாவும் அன்று, குத்துச்சண்டை. பத்துப் பன்னிரண்டு போட்டிகளே கண்ட ஒருவனுக்கு, உலகக் கனரகச் சாம்பியனோடு மோதும் வாய்ப்பு வந்தால் அதனை ஏற்கலாமா, மறுக்கலாமா என்பது வினா. “காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டாமா?” என்றார் ஒருவர். “பதறாத காரியம் சிதறாது” என்றார் மற்றவர். தீர்ப்புக் கூறும்படி நம்மை அழைத்தனர். அடி வாங்கப் போகிறவன் வேறொருவன் என்னும் துணிவில் நாமும் ஒப்புக்கொண்டோம்.

நமது பத்தியில் குத்துச்சண்டையா என்று தாய்மார்கள் முகம் சுளிக்க வேண்டா. 1980-இல் சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் கையுறை அணிந்த முகமது அலியின் பெயரை அறியாத தமிழ் இல்லம் அரிது. அவர்தாம் இக்கதையிலும் வருகிறார்.

மற்றப் பிரிவுகளில் வீரரின் எடைக்கு மேல்வரம்பு உண்டு. கனரகத்தில் அது கிடையாது. எதிரி எவ்வளவு பாரமாகவும் இருக்கலாம். பல சுற்றுகள் திறமையாக ஆடியவனை ஒரே குத்து தரையில் கிடத்திவிடும். ஆகவே அனுபவமற்றவனுக்கும் இங்கே ஒரு நப்பாசைக்கு இடமிருக்கிறது. ஆபத்தும் அதே அளவுக்கு இருக்கிறது.

இந்த நப்பாசையை அதன் எல்லைவரை கொண்டு சென்றவர் பீட் ராடமாக்கர் என்னும் அமெரிக்கர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அவர், தொழில்முறையில் தமது முதற் போட்டியையே உலகப் பட்டத்துக்கான போட்டியாக அமைத்துக்கொண்டார். சாம்பியன் பிளாய்டு பாட்டர்ஸனுக்கு இரண்டரை லட்சம் டாலர் உறுதிசெய்யப்பட்டது. 1957 ஆகஸ்ட் 22 அன்று சியாட்டில் நகரில், இரண்டாம் சுற்றில் சாம்பியனை வீழ்த்தி அரங்கையே திகைக்கவைத்தார் ராடமாக்கர். ஆனால் பாட்டர்ஸன் எழுந்துவிட்டார். அதன்பின் திரும்பத் திரும்ப விழுந்தவர் ராடமாக்கரே. ஆறாம் சுற்றில் எல்லாம் முடிந்தது.

இவரை மூடர் என நாம் கூறமாட்டோம். அப்போது அவருக்கு வயது 28; ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்கக் காலம் இல்லை. கல்லூரிப் படிப்பு இருந்தது, இராணுவ அதிகாரி என்னும் தகுதி இருந்தது. குத்துச்சண்டை கைவிட்டாலும் அவர் பட்டினி கிடக்கப் போவதில்லை. பிற்காலத்தில் வணிகத் துறையில் நன்றாகவே வாழ்ந்து 2020-இல் காலமானார். இழக்கத் தாங்கும் பொருளைத்தான் அவர் பந்தயத்தில் வைத்தார்.

நம் மனத்தை வருத்துவது வேறொருவர் கதை. செயின்ட் லூயிஸ் நகரில் ஏழைகளுக்கெனக் கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்த சகோதரர் இருவர், லியோன் ஸ்பிங்க்ஸும் மைக்கேல் ஸ்பிங்க்ஸும். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் இருவரும் தங்கம் வென்றனர். 1977-இல் இருவரும் தொழில்முறைக்கு வந்தனர்.

அண்ணன் லியோன் பதின்மூன்றே மாதங்களில், ஏழே போட்டிகளின் அனுபவத்தோடு அலிக்கு எதிரே நின்றார். அந்த ஏழிலும் ஒன்று வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அவருக்கு வாய்ப்புக் கிடைத்ததன் காரணத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். 36 வயதான அலிக்கு எளிய எதிரி ஒருவர் தேவைப்பட்டார். இளைஞனுக்கு இத்துணை விரைவில் கதவு திறக்கிறதென்றால், அவனால் தீங்கில்லை என்று உள்ளே இருப்பவர் எண்ணியதே பெரும்பாலும் காரணம். அவன் சற்று வளர்ந்து அச்சம் தரும் ஆளாகிவிட்டால், அதே கதவு சாத்திக்கொள்ளும். முதல் இளைஞரின் வாதத்தில் நியாயம் இருப்பது இங்கேதான்.

1978 பிப்ரவரி 15, லாஸ் வேகாஸ். அலி சரியான பயிற்சியின்றி வந்திருந்தார். லியோன் பதினைந்து சுற்றுகளும் ஓயாமல் குத்திப் பட்டத்தை வென்றார். சூதாட்டம் பலித்தது!

பலித்த பின்தான் தொல்லை. அலியோடு மறுபோட்டிக்கு ஒப்பியதால், கென் நார்ட்டனைச் சந்திக்கவில்லை என்று சொல்லி, இரு உலக அமைப்புகளில் ஒன்று அடுத்த மாதமே தன் பட்டத்தைப் பறித்துக்கொண்டது. சாம்பியனுக்கோ பயிற்சிக்கூடத்தைவிடக் கேளிக்கையில் நாட்டம் மிகுந்தது. சுற்றிலும் ஆலோசகர் கூட்டம். ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸில் அலி பட்டத்தை மீட்டார். 1981-இல் லாரி ஹோம்ஸிடம் மீண்டும் முயன்ற லியோன் மூன்றாம் சுற்றில் வீழ்ந்தார். 1995 வரை எங்கெங்கோ ஆடினார், மகுடம் திரும்பவில்லை. ஈட்டிய பணமும் நில்லாமற் போயிற்று. 2021-இல் மறைந்தார்.

தம்பி மைக்கேல் அவசரப்படவில்லை. இலேசான எடைப்பிரிவில் 1981-இல் சாம்பியனாகி நான்காண்டுகளுக்கு மேல் அதனைக் காத்தார். பின்னரே, 1985 செப்டம்பரில், தமது 28-ஆம் போட்டியில், 48 போட்டிகளில் தோல்வியே காணாத ஹோம்ஸை வென்று கனரகப் பட்டம் பெற்றார். பொறுமை எல்லாவற்றையும் காக்கும் என்று நாம் சொல்ல வரவில்லை. 1988-இல் மைக் டைசன் அவரை 91 விநாடிகளில் சாய்த்துவிட்டார். ஆனால் மைக்கேல் அந்தத் தோல்வியோடு கையுறையைக் கழற்றி, உடல் நலத்தோடும் பொருளோடும் வீடு திரும்பினார்.

டைசன் இருபது வயதில் பட்டம் பெறவில்லையா என்று கேட்பர். பெற்றார், ஆனால் அதற்குமுன் இரண்டாண்டுகளுக்குள் 27 போட்டிகள் ஆடியிருந்தார். வயது இளமை வேறு, தொழில் இளமை வேறு. 1964-இல் சன்னி லிஸ்டனை வென்றபோது அலிக்கு வயது 22. போட்டிகள் 19 முடிந்திருந்தன. அவற்றுள் 1962-இல் சன்னி பாங்க்ஸும், 1963-இல் ஹென்றி கூப்பரும் அவரைத் தரையில் வீழ்த்தியிருந்தனர். கீழே விழுந்து எழும் வித்தையைச் சிறிய மேடைகளிலேயே கற்றுக்கொண்டுதான் அவர் பெரிய மேடை ஏறினார். லியோனுக்கு அந்தப் படிப்புக்கு நாள் கிடைக்கவில்லை. அதற்கு அவரை மட்டும் குறை கூறுவது நமக்கு நியாயமாகப் படவில்லை. சிறுவனுக்கு 24 வயது. உடனிருந்த பெரியவர்களில் ஒருவராவது ஓராண்டு பொறு என்று கையைப் பற்றியிருக்கலாம்.

ஆகவே நம் தீர்ப்பு இரண்டாம் இளைஞர் பக்கமே சாய்கிறது, ஒரு விலக்கோடு. ராடமாக்கரைப் போல வேறு பிழைப்பும் குறைந்த காலமும் உடையவன் துணியட்டும். முஷ்டி ஒன்றே முதலாக உடையவன் இன்னும் பத்துப் போட்டிகள் ஆடிவிட்டு வரட்டும். அதற்குள் வாய்ப்புக் கைநழுவினால் என்செய்வது என்று முதல் இளைஞர் கட்டாயம் கேட்பார். நழுவவும் கூடும், நம்மிடம் அதற்கு மாற்று இல்லை. மறுப்பை அவர் எழுதியனுப்பினால் அடுத்த இதழில் இடம் தருவோம். ஒரு பக்கத்துக்கு மிகாமலும், தாளின் ஒரு புறத்திலேயே எழுதியும் அனுப்புக.