இசைக்கருவிகளின் இழப்பை யார் பதிவது?

2006இல் போரால் சம்பூரை விட்டு இடம்பெயர்ந்த பல குடும்பங்கள், கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. 2015இலிருந்து காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. வீடு, கிணறு, கால்நடை என இழப்பை எண்ணுகிறோம். கூத்து மத்தளத்தையும் சடங்கு உடுக்கையும் எண்ணுவதில்லை.

வழக்கொழிந்த யாழின் அமைப்பைக் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் பழைய நூல்களில் தேடித்தான் மீட்டெடுக்க வேண்டியிருந்தது. அவரது 'யாழ்நூல்' 1947இல் வெளிவந்தது.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருப்பதுபோல் கிழக்கின் கருவிகளுக்கும் ஒரு சேகரிப்பு அவசியம். ஆனால் கண்ணாடிப் பெட்டி மட்டும் போதாது. எந்த ஊர், எந்தச் சடங்கு என்ற விவரத்தோடு, தாளக்கட்டுத் தெரிந்த அண்ணாவிமார் இருக்கும்போதே அவர்களின் வாசிப்பையும் பதிய வேண்டும். இல்லையேல் நாளை மத்தளத்தையும் ஏட்டில்தான் தேடுவோம்.