20 நிமிடம், ஒரு கண்ணாடிக் குழாய்

தர்மபுரி மாவட்டத்து நிலக்கடலைக் காடுகளில் வேலை செய்பவர்களுக்குக் கண்ணாடி விரியனை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கடிபட்டால் ஈறில் ரத்தம் கசியும், சிறுநீர் சிவக்கும் என்பதும் தெரிந்ததுதான். ஏன் அப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மனித ரத்தத்தில் பத்தாம் காரணி என்ற புரதம் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். காயம்பட்ட இடத்தில் மட்டும் அதன் ஒரு பிணைப்பு வெட்டப்பட்டு, உறைதல் தொடங்கும். அது எல்லை மீறாமல் ஆன்டித்ராம்பின் போன்ற புரதங்கள் கடிவாளம் பிடிக்கும். விரியன் விஷத்திலுள்ள ஆர்.வி.வி.-எக்ஸ் என்ற நொதியோ, காயம் இல்லாத இடத்திலும் அதே பிணைப்பை வெட்டுகிறது. 2007-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த நொதியின் படிக அமைப்பை வெளியிட்டார்கள். கொக்கி வைத்த ஸ்பானர் போல இருந்தது அது. உடலெங்கும் ரத்தம் வீணாக உறைந்து உறைந்து, உறைவதற்குத் தேவையான ஃபைப்ரினோஜன் என்ற புரதம் தீர்ந்துபோகிறது. பிறகு நிஜமான காயத்தை அடைக்க ஒன்றும் மிச்சமில்லை. (இதே விஷத்தை நீர்க்கச் செய்து, ஹீமோபிலியா நோயாளிகளின் காயத்தில் தடவி ரத்தத்தை நிறுத்தியவர் இங்கிலாந்தின் மக்ஃபார்லேன். ஆண்டு 1934.)

கடிபட்டவரின் ரத்தம் இப்படி உறையும் திறனை இழந்துவிட்டதா என்று கண்டுபிடிக்கப் பெரிய லேப் வேண்டாம். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம். 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒருமுறை சாய்த்தால் போதும். ரத்தம் தண்ணீராக ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. விஷமுறிவு மருந்து உடனே தேவை. உறைந்திருந்தாலும் நிம்மதியாகிவிடக் கூடாது, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் அதன் பரப்புதான் பன்னிரண்டாம் காரணி என்ற ரத்தப் புரதத்தைத் தூண்டி உறைதலை முடுக்குகிறது. பிளாஸ்டிக் குழாயும், சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயும் ஏமாற்றிவிடும்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடிக்குப் பலியானவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்கிறது ஓர் ஆய்வு. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது நல்ல முடிவு. ஆனால் கணக்கெடுப்பு மட்டும் யாரையும் காப்பாற்றாது. பென்னாகரம், சித்தேரி மலைப் பகுதிகளின் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் புதிய கண்ணாடிக் குழாய்கள், விஷமுறிவு மருந்து, இரவுப் பணியில் இந்தச் சோதனை தெரிந்த செவிலியர் ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று சுகாதாரத் துறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

கடிபட்டவரை மந்திரிக்கக் கூட்டிப் போகாதீர்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனதும், “20 நிமிட டெஸ்ட் எடுத்தாச்சா?” என்று தயங்காமல் கேளுங்கள்.